தண்ணீர் நின்ற இடம் எது?

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் தீவகத்துப் பெண்களின் கவலையெல்லாம் கிணற்றைச் சுற்றியே இருக்கும். நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை எங்கும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கிணறு தருவது அந்த நன்னீரைத்தான். ஆகவே மழை அல்லாஹ்வின் ரஹ்மத். அது அளவு மீறினால், மலசலகூடக் குழியின் நீரும் கிணற்று நீரும் ஒன்றாகிவிடும். மழை வேண்டி துஆச் செய்த நபி (ஸல்) அவர்களே, அது மிகுந்தபோது ஊரை விட்டுச் சுற்றுப்புறங்களுக்குத் திருப்பும்படியும் இறைஞ்சினார்கள் அல்லவா?

2008 நவம்பரில் நிஷா புயலும், 2020 டிசம்பரில் புரெவியும் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கின. இத்தகைய நாட்களில் குறிகட்டுவானில் படகு நின்றுவிட்டால், நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போய்ப் பார்க்க ஆளில்லை. எந்த வீட்டுக்குள் தண்ணீர், எத்தனை குடும்பங்களுக்கு உலர் உணவு வேண்டும் என்பதை எப்படி அறிவது?

இங்கேதான் ரேடார் செய்மதி உதவுகிறது. சாதாரண கமரா கொண்ட செய்மதிக்குப் புயல் நாளில் மேகம் மட்டுமே தெரியும். இரவில் அதுவும் தெரியாது. ரேடார் தானே அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இருளும் அதற்குத் தடையல்ல. 2014 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் ஏவிய சென்ரினல்-1 சுமார் 700 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவது. அதன் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். கரடுமுரடான தரை அலையைத் திருப்பி அனுப்பும். அமைதியான நீர்ப்பரப்போ, கண்ணாடி போல் அதை வேறு பக்கம் தள்ளிவிடும். எனவே படத்தில் தண்ணீர் கறுப்பாக விழும். கோடையில் எடுத்த படத்தையும் மழையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், புதிதாகக் கறுத்த இடமே வெள்ளம்.

குறைகளும் உண்டு. காய்ந்த மணல்வெளியும் கறுப்பாகத் தெரியும். காற்றில் அலையடிக்கும் நீர் வெளிறித் தெரியும். நகரத்தில் சிக்கல் அதிகம். யாழ்ப்பாண நகரின் நெருக்கமான ஒழுங்கைகளில் அலை தண்ணீரிலும் மதிலிலும் மாறி மாறிப் பட்டுத் திரும்புவதால், வெள்ளம் நின்ற இடம் கறுப்பதற்குப் பதில் பளிச்சிடும். பழைய படங்களோடு நுணுக்கமாக ஒப்பிட்டால்தான் பிடிபடும். இன்னொன்று, ஒரே செய்மதி அதே பாதையில் திரும்பி வர 12 நாட்களாகும். அதற்குள் தண்ணீர் வடிந்தும் விடலாம்.

இதில் நமக்கொரு தனிக் காரியமும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தீவகத்துத் தமிழ் மக்களும் போரினால் இடம்பெயர்ந்தார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வாப்பாவின் காணிக்குத் திரும்பி வீடு கட்டும்போது, மாரியில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று சொல்லித்தர மூத்தம்மா உயிரோடு இல்லை. இந்தப் பத்தாண்டுப் படங்கள் அந்த நினைவின் ஒரு பகுதியையாவது ஈடு செய்யும். அத்திவாரம் வெட்டுமுன் பிரதேச செயலகத்திலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திலும் வெள்ள வரைபடம் கேட்டுப் பாருங்கள்.

சகோதரிகளே, வானத்துப் படத்தைச் சரிபார்க்க வீட்டுச் சுவர் வேண்டும். வெள்ளம் வந்தால் அது ஏறிய மட்டத்தில் கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். கிராம அலுவலரிடம் அதைக் காட்டுங்கள். வடிந்தபின் கிணற்றுக்குக் குளோரின் இடுவித்து, நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கடல்நீர் புகுந்த கிணற்றை மட்டும் அவசரப்பட்டு இறைத்துக் கொட்டாதீர்கள். 2004 சுனாமிக்குப் பின் கிழக்கில் அப்படி அளவுமீறி இறைத்தபோது, அடியிலிருந்த உப்புநீர் மேலே ஏறியது. உப்பைக் கொதிக்கவைத்தும் போக்க முடியாது. மழை கழுவித்தரும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

மேகத்துக்கு மேலிருந்து பார்க்கும் அறிவைத் தந்தவன் அல்லாஹ். எந்தப் படியில் தண்ணீர் ஏறியது என்பதை அறிந்தவள் அந்த வீட்டுக்காரி. இரண்டையும் ஒன்றுசேர்த்தால்தான் வரைபடம் முழுமையாகும்.