நஞ்சின் வழித்தடம் - 9: எச்சத்தில் இறங்கும் கடல்

வெப்ப நாடுகளில் தெளித்த டி.டி.டி. ஆவியாகி, குளிர்ந்து படிந்து, மறுபடி ஆவியாகி, கடைசியில் துருவக் கடலில் போய்ச் சேர்வதைச் சென்ற வாரம் பார்த்தோம். கடலில் விழுந்ததோடு அதன் பயணம் முடிவதில்லை. பறவையின் வயிற்றில் ஏறி மறுபடி கரைக்கு வருகிறது.

கனடாவின் வடகோடியில் இருக்கிறது டெவான் தீவு. அதன் கரையோரம் கேப் வேரா என்ற செங்குத்துப் பாறை. சுற்றுவட்டாரம் முழுக்கக் கல்லும் பனியும்தான். பாறையின் அடிவாரத்தில் மட்டும் பச்சைப் பசேலென்று பாசி படர்ந்திருக்கும், நடுநடுவே சின்னச் சின்னக் குளங்கள். மேலே கோடைதோறும் சுமார் 10,000 ஜோடி ஃபுல்மார் பறவைகள் அடைகாக்கின்றன. அவற்றின் எச்சம்தான் அந்தப் பச்சைக்கு உரம்.

ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஜூல்ஸ் பிளே குழுவினர் அந்தக் குளங்களின் அடிச்சேற்றைச் சோதித்து, 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். எச்சம் அதிகம் விழும் குளங்களில், குறைவாக விழும் குளங்களைவிட டி.டி.டி. சுமார் 60 மடங்கு இருந்தது. ஹெக்சாகுளோரோபென்சீன் 10 மடங்கு, பாதரசம் 25 மடங்கு. எல்லாக் குளங்களுக்கும் மேலே வீசுவது ஒரே காற்றுதான். அப்படியானால் இந்த வித்தியாசத்துக்குப் பறவைகளைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒரு பறவைக்குள் இத்தனை நஞ்சு எப்படிச் சேர்கிறது? அதே கடலில் வாழும் மீன், செவுள் வழியாகக் கொஞ்சத்தையாவது தண்ணீருக்கே திருப்பி விட்டுவிடும். காற்றைச் சுவாசிக்கும் பறவைக்கு அந்த வழி கிடையாது. மிச்சமிருப்பது கல்லீரல். அங்கேயும் சிக்கல்தான். தானியம் தின்னும் பறவைகளோடு ஒப்பிட்டால், மீன் தின்னும் கடற்பறவைகளுக்கு இத்தகைய நஞ்சுகளை உடைக்கும் நொதிகளின் வேகம் குறைவு. பி.சி.பி. என்ற தொழிற்சாலை வேதிப்பொருளில், குளோரின் அணுக்கள் நெருங்கி அமைந்த வகைகளிடம் அந்த நொதிகள் தோற்றே போகின்றன. உடையாதது கொழுப்பில் போய்த் தங்குகிறது. ஃபுல்மார் 40 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பறவை. அத்தனை ஆண்டும் அதே கடலில்தான் அதற்கு இரை. ஒண்டாரியோ ஏரியில், தண்ணீரில் உள்ளதைப்போல் 2.5 கோடி மடங்கு பி.சி.பி. கடற்காக முட்டையில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சேர்ந்ததில் ஒரு பகுதி வெளியேறத்தான் செய்கிறது. கடற்பறவை ஓய்வாக இருக்கும்போது கவனித்தால் தெரியும். கழுத்தை முழுக்கத் திருப்பி, வாலின் அடியிலுள்ள சுரப்பியை அலகால் அழுத்தும். கசியும் மெழுகு போன்ற எண்ணெயை ஒவ்வொரு சிறகாக இழுத்துப் பூசும். இறகு நனையாமல் காக்க இந்த எண்ணெய் உதவுகிறது. உடம்புக் கொழுப்பில் இருக்கும் மாசுகள் இதிலும் கலந்து வருகின்றன. இதைத் தெரிந்துகொண்ட தோக்கியோவின் ஹிதேஷிகே தகாடா குழுவினர், பறவையைக் கொல்லாமல் அந்தச் சுரப்பியைத் துடைத்தெடுத்தே மாசை அளக்கிறார்கள். ஆராய்ச்சிக்காகப் பறவைகளைக் கொன்று குவித்த காலத்தை நினைத்தால், இதைப் பெரிய முன்னேற்றம் என்றே சொல்வேன்.

எச்சம், எண்ணெய், உதிரும் இறகு ஆகிய மூன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெண்ணுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு: முட்டை. மஞ்சள் கருவுக்குக் கொழுப்பு போகும்போது நஞ்சும் கூடவே போகிறது. தாயின் சுமை குறைகிறது, குஞ்சு அதைச் சுமந்துகொண்டு பிறக்கிறது. பிறந்தால்தான் அதுவும். கலிபோர்னியாவின் அனகாபா தீவில் 1970இல் 552 ஜோடி பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டின. தேறியது ஒரே ஒரு குஞ்சு. டி.டி.டி.யின் சிதைவுப் பொருளான டி.டி.இ. முட்டை ஓட்டில் சுண்ணாம்பு சேரவிடாமல் தடுத்ததால், அடைகாத்த பறவையின் எடை தாங்காமலே முட்டைகள் நொறுங்கின.

வடகடல்களில் வாழும் ஈடர் வாத்தின் நிலை இன்னும் கொடுமை. பெட்டை ஏறத்தாழ 25 நாள் இரையே எடுக்காமல் அடைகாக்கும். எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இழந்துவிடும். கொழுப்பு கரையக் கரைய, அதில் அடங்கிக் கிடந்த நஞ்செல்லாம் இரத்தத்துக்கு வருகிறது. பறவை மிகவும் நலிந்திருக்கும் நேரத்தில்தான் நஞ்சு அதன் மூளையையும் கல்லீரலையும் எட்டுகிறது.

பறவை வெளியேற்றியதும் அழிவதில்லை. கேப் வேராவில் அது குளத்துச் சேற்றுக்குப் போகிறது. சேற்றிலிருந்து பூச்சிப் புழுக்களுக்கு, பூச்சிகளிலிருந்து அவற்றைத் தின்னும் பனிச் சிட்டுகளுக்கு. ஆள் மாறுகிறதே தவிர நஞ்சு மாறுவதில்லை. ஆகவே இதைப் பறவையால் தீர்க்க முடியாது. உற்பத்தியில்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பலன் உண்டு. ஸ்வீடனின் ஸ்டோரா கார்ல்சோ தீவில் கில்லமாட் பறவை முட்டைகளை 1960களின் கடைசியிலிருந்து சோதித்து வருகிறார்கள். டி.டி.டி.க்குத் தடை வந்த பிறகு அவற்றில் அந்த மாசு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஓடும் பழைய தடிமனுக்குத் திரும்பியது.

2001இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பி.சி.பி. கலந்த பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய் போன்றவற்றை முறைப்படி அழிக்க 2028 வரை கெடு வைத்திருக்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய் என்று யாராவது மலிவாகக் கொடுக்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். சாக்கடையில் ஊற்றவும் விடாதீர்கள்.

(தொடரும்)