அதிவேகப் பங்கு வணிக மென்பொருளில் காப்புச் சோதனையின் இடம்

முன்னுரை

பங்குச் சந்தைக்குச் செல்லும் வாங்கல், விற்றல் ஆணைகளை இன்று பெரும்பாலும் மென்பொருளே அனுப்புகிறது. ஆணை விரைந்து சென்றடைய வேண்டும் என்பதற்காக நிரலாளர்கள் அதன் வழியிலுள்ள படிகளைக் குறைக்கின்றனர். அப்போது காப்புச் சோதனையும் வீண்சுமையாகத் தோன்றக்கூடும். அச்சோதனை எங்கு அமைய வேண்டும் என்பதை, அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நிகழ்ந்த பிழையின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பிழையின் தோற்றம்

அந்நிறுவனத்தின் மென்பொருள் ஒரு பெரிய ஆணையைப் பல சிறு ஆணைகளாகப் பிரித்துச் சந்தைகளுக்கு அனுப்பும். அதிலிருந்த 'பவர் பெக்' என்னும் நிரற்பகுதியின் பயன்பாடு 2003-இல் நின்றது. ஆயினும் அது நீக்கப்படவில்லை. பெரிய ஆணை நிறைவேறியதும் சிறு ஆணைகளை நிறுத்துவதற்காக, நிறைவேறிய பங்குகளை எண்ணும் பகுதி ஒன்று இருந்தது. 2005-இல் அது நிரலின் வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. அதன்பின் பவர் பெக் மீண்டும் சோதிக்கப்படவில்லை.

2012-இல் நியூயார்க் பங்குச் சந்தையின் புதிய திட்டத்திற்காக எழுதப்பட்ட நிரலை இயக்க, முன்பு பவர் பெக்கை இயக்கிய அதே அடையாளக்குறி பயன்படுத்தப்பட்டது. எட்டுச் சேவையகங்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் நிறுவப்பட்டது. எட்டாவது விடுபட்டதை எவரும் சரிபார்க்கவில்லை.

விளைவு

சந்தை திறந்ததும் எட்டாம் சேவையகத்தில் பவர் பெக் உயிர்பெற்றது. எண்ணும் பகுதி உரிய இடத்தில் இல்லாமையால், நிறைவேறிய ஆணைகளுக்கும் சிறு ஆணைகள் ஓயாது சென்றன. பிழையைத் தேடியோர் மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். உடனே அவற்றிலும் பவர் பெக் இயங்கியது. 212 பெரிய ஆணைகள் 45 நிமிடங்களில் 40 இலட்சம் வணிகங்களாகப் பெருகின. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1,500. இழப்பு 46 கோடி டாலரைக் கடந்தது. சந்தை திறக்குமுன்பே அப்பிழையைச் சுட்டிய 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குச் சென்றிருந்தன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாமையால், எவரும் அவற்றின்மீது நடவடிக்கை எடுக்கவில்லை.

நிரலாக்க நெறிகள்

பயன்படாத நிரலை நீக்குதல், ஓர் அடையாளக்குறிக்கு ஒரே பொருள் தருதல் ஆகியவை முதல் நெறிகள். எல்லாச் சேவையகங்களிலும் ஒரே பதிப்பு உள்ளதா என்பதைக் கணினியே ஒப்பிட்டு, வேறுபட்டால் இயங்க மறுக்க வேண்டும். இவற்றினும் முதன்மையானது வரம்புச் சோதனை. ஆணை வெளியேறும் கடைசிப் படியில், நிறுவனத்தின் மொத்த நிலுவையை முன்னரே வகுத்த வரம்புடன் ஒப்பிடுவதே அது. அம்மதிப்புகள் செயலியின் அருகமை நினைவகத்தில் இருந்தால், இரு எண்களை ஒப்பிடச் சில நானோநொடிகளே போதும். எனவே வேகத்தைக் காரணம் காட்டி அதனைத் தவிர்க்க இயலாது.

முடிவுரை

நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆணைகள் செல்லுமிடத்தில் மனிதர் கண்டறிந்து தடுப்பதற்குள் காலம் கடந்துவிடும். 2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அந்நிறுவனத்திற்கு 1.2 கோடி டாலர் தண்டம் விதித்தது. ஆணை சந்தையை அடைவதற்குச் சற்று முந்தைய இடத்தில் போதிய கட்டுப்பாடு இல்லை என்பது அது சுட்டிய குறைகளுள் ஒன்று. தடுக்கும் பொறுப்பை, அனுப்பும் நிரலே ஏற்க வேண்டும் என்பதையே இந்நிகழ்வு உணர்த்துகிறது.