மூடுபனிக்குள் ஒரு நீர்மூழ்கி

குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மத்தியானம் வரை பளிச்சென்று இருந்த தேயிலைத் தோட்டத்தில் திடீரென்று மிஸ்ட் இறங்கிவிடும். செடிகளுக்கு நடுவே நிழலுக்காக வரிசையாக நட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்களை அப்போது கவனியுங்கள். கடைசி வரிசைதான் முதலில் காணாமல் போகும். பிறகு அதற்கு முந்தைய வரிசை. உங்கள் பக்கத்தில் நிற்கும் மரத்தின் பட்டை வெடிப்பும் அதில் ஒட்டியிருக்கும் பாசியும் நன்றாகத் தெரியும். அடுத்த மரம் சாம்பல் நிற உருவமாக நிற்கும். மூன்றாவது மரம் வெறும் கோடு. அதற்கு அப்பால் வெள்ளைதான்.

இந்தக் காட்சியைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்றவர்கள்தான் பின்னால் கடலின் அடியையும் அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கதையில் ஜப்பானுக்குப் பெரிய பங்கு உண்டு, சென்னைக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

1998-இல் ஜப்பானில் 'நீல நீர்மூழ்கி எண் 6' என்ற அறிவியல் புனைகதைப் படம் வீடியோவாக வெளிவரத் தொடங்கியது. மொத்தம் நான்கு பாகம், கடைசிப் பாகம் 2000-இல் வந்தது. தயாரித்தது கோன்ஸோ நிறுவனம், இயக்கியவர் மஹிரோ மாயேதா. சதோரு ஒசாவா 1967-இல் வரைந்த சித்திரக்கதைதான் மூலம். கதையில் ஸோர்ன்டைக் என்ற விஞ்ஞானி துருவப் பனியை உருக வைத்து, உலகத்தின் பெரிய நகரங்களைக் கடலில் மூழ்கடித்துவிடுகிறார். மனிதனும் விலங்கும் கலந்த புதிய உயிரினங்களை உருவாக்கிக் கடலில் விடுகிறார். அவரைத் தடுக்க நீர்மூழ்கிகள் கிளம்புகின்றன. சண்டை அதிகமுள்ள படம் என்பதால் இப்போதே பார்க்கச் சொல்ல மாட்டேன், பெரியவர்களான பிறகு பாருங்கள்.

கதையில் உள்ள அறிவியலை மட்டும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பூமியில் இருக்கும் பனிக்கட்டி முழுவதும் உருகினால் கடல் மட்டம் ஏறத்தாழ 70 மீட்டர் உயரும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையடிவாரத்து மேட்டுப்பாளையமே 300 மீட்டருக்கு மேல்தான். ஆகவே நீலகிரிக்குத் தண்ணீர் ஏறி வராது. ஆனால் சென்னையின் பெரும்பகுதி மூழ்கிவிடும். துருவப் பனி இன்று உண்மையாகவே மெல்ல உருகிக்கொண்டுதான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தப் படத்தில் மனிதர்களை ஓவியர்கள் கையால் வரைந்தார்கள். நீர்மூழ்கிகளையும் கடலின் பல காட்சிகளையும் கணினியில் முப்பரிமாணமாகச் செய்தார்கள். இரண்டையும் ஒரே சட்டகத்தில் சேர்ப்பது அந்தக் காலத்தில் துணிச்சலான வேலை. இன்றைக்குப் பார்த்தால் சில இடங்களில் கப்பல் தனியாக, மனிதன் தனியாக ஒட்டாமல் தெரிவார்கள். ஆனால் ஆழ்கடல் காட்சிகளில் அந்தப் பிசிறு அவ்வளவாகத் தெரியாது. ஏன் என்பதற்குத்தான் நம் சில்வர் ஓக் மரங்கள் வேண்டியிருக்கின்றன.

முதலில் ஒரு கணக்கு. ஒரு நொடிப் படத்துக்கு 24 சட்டகம் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 24 × 60 = 1,440. கணினி ஒரு சட்டகத்தைக் கணக்கிட்டு முடிக்க 10 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு நிமிடக் காட்சிக்கு 14,400 நிமிடம், அதாவது 240 மணி நேரம். பத்து நாள் ராப்பகலாக ஒரு கணினி ஓட வேண்டும்! எனவே வரையாமல் தப்பிக்கக்கூடிய எதையும் வரையாமல் விடுவதே அன்றைய கணினி ஓவியர்களின் முக்கியமான வேலையாக இருந்தது.

பனிமூட்டம் அதற்குக் கைகொடுத்தது. மிஸ்ட் என்பது மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். மரத்திலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளியில் ஒரு பங்கை அந்தத் துளிகள் வழியிலேயே சிதறடித்துவிடும். கூடவே, வேறு பக்கங்களிலிருந்து வரும் வெள்ளை ஒளியை உங்கள் கண்ணை நோக்கித் திருப்பியும் விடும். ஒவ்வொரு 20 மீட்டருக்கும் மரத்தின் ஒளி பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டரில் பாதி மிஞ்சும், 40 மீட்டரில் கால் பங்கு, 60 மீட்டரில் அரைக்கால், 100 மீட்டர் போவதற்குள் 32-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். குறைந்த பங்கையெல்லாம் வெள்ளை நிரப்பிவிடும்.

கணினி செய்வதும் இதே கணக்கைத்தான். திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும், அங்கே தெரியும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். தூரத்தைக் கணக்கில் போட்டு, பொருளின் நிறத்தையும் மூட்டத்தின் நிறத்தையும் கலக்கும். பக்கத்தில் இருந்தால் பொருளின் நிறம் அதிகம், தள்ளி இருந்தால் மூட்டத்தின் நிறம் அதிகம். ஒரு தூரத்துக்கு அப்பால் மூட்டம் மட்டுமே என்றால் அங்கே இருப்பதை வரையவே வேண்டாம். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999-இல் வெளியிட்ட ஒரு வீடியோ கேமில் ஊர் முழுக்கப் பனிமூட்டம் சூழ்ந்திருக்கும். கதைக்கு அது மர்மத்தைக் கொடுத்தது. தூரத்துத் தெருக்களை வரையத் திணறிய அன்றைய கருவிக்கோ அது ஓய்வைக் கொடுத்தது.

இப்போது அந்த வெள்ளை மூட்டத்துக்குப் பதில் நீல மூட்டம் வையுங்கள். கடலடி தயார்! தூரத்து நீர்மூழ்கி நீலத்துக்குள் கரைந்து நிற்கும். கையால் வரைந்தது எது, கணினி வரைந்தது எது என்ற வித்தியாசத்தையும் அந்த நீலம் மழுப்பிவிடும். ஆரம்பகாலக் கணினிப் படங்களுக்குக் கடலடி பொருத்தமான களமாக அமைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் கடல்நீரின் மூட்டமும் நம் மிஸ்டும் முழுக்க ஒன்றில்லை. மிஸ்டில் இருக்கும் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும், மூட்டம் வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் அப்படி நடுநிலை பார்ப்பதில்லை. சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும். பத்து மீட்டர் ஆழம் போவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள். நீலம்தான் அதிக ஆழம் வரை போகும். கடலுக்கடியில் முத்துக்குளிப்பவரின் விரலில் காயம் பட்டால் ரத்தம் சிவப்பாகத் தெரியாது, கரும்பச்சையாகத் தெரியும். எனவே கடலடியை வரையும் கணினிக்கு ஒரு மூட்டக் கணக்கு போதாது. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று மூன்று கணக்கு வேண்டும்.

இந்த இரண்டு மூட்டங்களையும் அடுத்தடுத்து ஆராய்ந்த ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். பெயர் தோமோயுகி நிஷிதா. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் எய்ஹாச்சிரோ நாகமாயேயுடன் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தவர். மூட்டத்துக்குள் விளக்கொளி எப்படித் தெரியும் என்று கணினியில் கணக்கிடும் முறையை இவர்கள் 1987-இல் வெளியிட்டார்கள்.

அந்தக் காட்சியை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். பர்லியார் தாண்டி ராத்திரியில் மலையேறும் பஸ்ஸின் முன்விளக்கிலிருந்து இரண்டு ஒளித்தூண்கள் நீண்டு போகுமே, அதுதான். மிஸ்ட் இல்லாத ராத்திரியில் அந்தத் தூண்கள் தெரியாது. விளக்கொளி நேராகப் போய்ச் சாலையில் விழும், பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்கு வராது. மிஸ்ட் இருந்தால் வழியிலுள்ள துளிகள் கொஞ்சம் ஒளியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும், தூண் தெரியும். டிரைவர் 'ஹை பீம்' போடாமல் விளக்கைத் தாழ்த்தி வைப்பதற்கும் இதுதான் காரணம். மேலே போகும் ஒளி துளிகளில் பட்டு அவர் கண்ணுக்கே திரும்பிவந்து கூசும். ஆழ்கடல் படங்களில் நீர்மூழ்கியின் விளக்குக்கு முன்னால் நீளும் ஒளிக்கற்றையும் இதே வகைக் கணக்கில்தான் பிறக்கிறது.

1994-இல் நிஷிதாவும் நாகமாயேயும் தண்ணீருக்குள் போனார்கள். வெயில் நேரத்தில் தெளிந்த ஓடையின் அடியைப் பாருங்கள். கூழாங்கற்களின் மேல் ஒளியாலான வலை ஒன்று நெளிந்துகொண்டே இருக்கும். மேலே உள்ள சின்னச் சின்ன அலைகள் லென்ஸ் போல வேலை செய்து, சில இடங்களில் வெயிலைக் குவிக்கின்றன, சில இடங்களில் விரிக்கின்றன. குவிந்த இடம் பளிச்சென்று கோடாகத் தெரிகிறது. அலை நகர்ந்தால் கோடும் நகர்கிறது. இருவரும் நீர்ப்பரப்பைச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு முக்கோணத்திலும் நுழையும் ஒளி எந்தப் பக்கம் வளையும், கீழே எங்கே விழும் என்று கணக்கிட்டார்கள். அடியில் ஆடும் ஒளிவலையும், நீருக்குள் சாய்வாக இறங்கும் ஒளித்தூண்களும் கணினியில் வந்தன. இன்று எந்தக் கடல் கார்ட்டூனைப் பார்த்தாலும் மீன்களின் முதுகில் அந்த வலை ஆடுவதைக் காணலாம்.

இனி சென்னைக்கு வருவோம். நீல நீர்மூழ்கியின் கடைசிப் பாகம் வந்த அதே 2000-இல், சென்னையின் பென்டமீடியா நிறுவனம் உருவாக்கிய சின்பாத் படம் வெளிவந்தது. மாலுமி சின்பாத் மூடுபனித் திரையைத் தாண்டிக் கடலில் போகும் கதை. முழுநீளப் படம் ஒன்றை முற்றிலும் 'மோஷன் கேப்சர்' முறையில் எடுத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. நடிகர்களின் தோள், முழங்கை, முழங்கால் என்று மூட்டுக்கு மூட்டு அடையாளப் புள்ளிகளைப் பொருத்தி நடிக்க வைப்பார்கள். பல கேமராக்கள் அந்தப் புள்ளிகள் நகரும் பாதையைப் பதிவுசெய்யும். அந்த அசைவைக் கணினி உருவத்துக்கு மாற்றுவார்கள். நடிப்பைப் பதிவுசெய்தது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், கணினி வேலை நடந்தது சென்னையில். படம் பெரிதாக ஓடவில்லை. ஆனாலும் அன்றைக்கு உலகத்தில் சில இடங்களில் மட்டுமே செய்யப்பட்ட வேலையை நம் ஊர்க் கலைஞர்கள் செய்துகாட்டினார்கள். அதைத் தமிழ்ப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஊட்டிக்கும் திரைப்படத்துக்கும் இன்னொரு உறவு உண்டு, அது கணினிக்கு முந்தைய காலத்தது. அப்போது அசைவூட்டப் படங்களை ஒவ்வொரு ஓவியமாகப் படச்சுருளில் புகைப்படம் எடுப்பார்கள். இந்தியாவிலேயே படச்சுருள் தயாரிக்க 1960-இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஊட்டியில், இந்து நகரில்தான் இருந்தது. படச்சுருளின் இடத்தை டிஜிட்டல் பிடித்துக்கொண்டது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை.

கடல் படங்கள் சொல்லும் ஒரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் எவ்வளவு ஆழம் போனாலும் நீலமாகத் தெரியும். உண்மையில் 200 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி மிகவும் மங்கிவிடும், 1,000 மீட்டருக்குக் கீழே எட்டவே எட்டாது. அங்கே கும்மிருட்டு. ஜப்பானின் ஷின்காய் 6500 என்ற உண்மையான ஆழ்கடல் வாகனம் 1989-இல் 6,527 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. அந்த இருட்டில் அதன் விளக்கு எட்டிய தூரம்தான் உலகம். நம் நாட்டிலும் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக 'மத்ஸ்யா 6000' என்ற வாகனத்தை உருவாக்கிவருகிறது. 2025-இன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

மூட்டக் கணக்கை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பெரிய கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் எடுங்கள். நடுவில் ஒரு பென்சிலை நிறுத்துங்கள். பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள், எத்தனையாவது சொட்டில் பென்சில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று எண்ணி எழுதுங்கள். பிறகு அதே பென்சிலை உங்கள் பக்கத்துக் கண்ணாடிச் சுவரை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள், மறுபடி தெரியும். பால் அதிகமாவதற்கு முன்னால், சில சொட்டுகள் மட்டும் விட்டிருக்கும்போது, அறையை இருட்டாக்கி ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். ஒளித்தூண் தண்ணீருக்குள் தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் லேசான நீலமாகவும், டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் விளக்கு மஞ்சளாகவும் இருக்கும். ஏன் இரண்டு நிறம்? விடையை நீங்களே யோசித்து, பெயர், வகுப்பு, ஊரோடு நம் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள்.