மீனுக்குள் ஒரு தூண்டில் முள்!

குழந்தைகளே, பந்தை மூக்கின் மேல் நிறுத்தி வித்தை காட்டும் கடற்சிங்கத்தை 'டிவி'யில் பார்த்திருப்பீர்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால், அதை வளர்ப்பது சுலபமான வேலை அல்ல. ஒரு சிறு தூண்டில் முள்ளே அதன் உயிரைப் பறித்துவிடும்!

பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலில் சீல்கள் உண்டு, கடற்சிங்கங்கள் கிடையாது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். சீலுக்கு வெளியே தெரியும் காது மடல் இல்லை; தரையில் வயிற்றால் நகரும். கடற்சிங்கத்துக்குச் சிறிய காது மடல் உண்டு. பின் துடுப்புகளை முன்னால் திருப்பி, நான்கு துடுப்புகளாலும் நடக்கும். ரோம சீல் என்பதும் பெயரில்தான் சீல். உண்மையில் அது கடற்சிங்கத்தின் நெருங்கிய உறவு.

லண்டன் மிருகக்காட்சி சாலை, 1866ம் ஆண்டு ஒரு கடற்சிங்கத்தை வாங்கியது. தென் அமெரிக்காவின் தென்கோடிக் கடலில் பிடிபட்ட விலங்கு அது. அதைப் பழக்கியவர் லெகோம்ட் என்ற பிரெஞ்சு மாலுமி. அவர் சொன்னதை எல்லாம் அது செய்தது. லண்டன் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து ரசித்தனர்.

மறு ஆண்டே அது இறந்து போனது! உடலை அறுத்துப் பரிசோதித்தபோது காரணம் தெரிந்தது. உணவாகக் கொடுத்த மீனுக்குள் தூண்டில் முள் இருந்திருக்கிறது. கடற்சிங்கம் மீனை மெல்லாமல் அப்படியே விழுங்கும். முள்ளும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்விட்டது.

புதிய கடற்சிங்கங்களைப் பிடித்து வர, லெகோம்ட் பாக்லாந்து தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். நெடுங்கடல் பயணத்தில், பிடித்தவற்றில் பெரும்பாலானவை இறந்துவிட்டன. ஒருவரது கவனக்குறைவுக்கு எத்தனை உயிர்கள் பலி, பார்த்தீர்களா?

இன்று வளர்ப்பு முறை வெகுவாக மாறியிருக்கிறது. உறைய வைத்த மீனில் 'பி1' வைட்டமின் குறைந்துவிடும். 'ஹெர்ரிங்' போன்ற சில மீன்களில் அந்த வைட்டமினை அழிக்கும் பொருளே இருக்கிறது. அது குறைந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். அதனால், மீனின் செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையைச் செருகிக் கொடுக்கின்றனர்.

அடுத்தது தண்ணீர். வெளிறிய நிறத் தொட்டியில் வெயில் பட்டுக் கூசினால் கண் கெடும். எனவே நிழலும், உப்பு நீரும், அடர் நிறத் தொட்டியும் நல்லவை. ரோம சீலுக்கு அடர்த்தியான உள் ரோமம் உண்டு. அதில் சிறைப்படும் காற்றுதான் குளிரைத் தடுக்கும். அழுக்கும் எண்ணெயும் கலந்த நீரில் ரோமம் கெட்டால், அதற்குக் குளிர் தாங்காது.

இங்கிலாந்தின் கோல்செஸ்டர் மிருகக்காட்சி சாலையில், கடற்சிங்கக் குளத்துக்கு அடியில் 24 மீட்டர் நீளச் சுரங்கப் பாதை 2003ல் திறக்கப்பட்டது. அதில் நடந்தபடி, தலைக்கு மேல் அவை நீந்துவதைப் பார்க்கும்படி அதை அமைத்தனர். யார்க்ஷயர் வனவிலங்குப் பூங்காவில், 2022ல் பெரிய உப்பு நீர் ஏரிகளே அமைத்தனர்.

விசில் ஊதி, மீன் கொடுத்துப் பழக்குவது வித்தைக்காக மட்டும் அல்ல. வாயைத் திறக்க, துடுப்பை நீட்ட, கண் மருந்துக்கு அசையாமல் இருக்கக் கற்றுக் கொடுக்கின்றனர். இதனால், மயக்க ஊசி போடாமலேயே மருத்துவர் பரிசோதிக்க முடிகிறது.

'என்னதான் செய்தாலும் தொட்டி கடலாகுமா?' என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அடைத்து வைத்தவன் பொறுப்பு, அடைபட்ட உயிரைக் காப்பது. இதற்காகவே பிரிட்டனில் 1981ம் ஆண்டு சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் மிருகக்காட்சி சாலை நடத்த முடியாது. அதிகாரிகள் வந்து சோதனையும் செய்வர்.

பார்க்கப் போகிற நமக்கும் பொறுப்பு இருக்கிறது. குளத்தில் போட்ட நாணயம், கை தவறி விழுந்த பொம்மை எல்லாமே அன்றைய தூண்டில் முள்தான். பளபளவென்று மின்னுவதை விளையாட்டாக விழுங்கிவிடும். பின்பு அறுவை சிகிச்சை வரை போக நேரிடும்.

எந்த ஊர் மிருகக்காட்சி சாலைக்குப் போனாலும் கண்ணால் மட்டும் ரசியுங்கள். கையில் இருப்பது கையிலேயே இருக்கட்டும். சரிதானே குழந்தைகளே?