நூறு தறி, ஒரு கணக்கு

கலசப்பாக்கத்திலிருந்து போளூர் வழியாக ஆரணிக்குப் போனால் பட்டுத் தறிகளின் ஓசையைக் கேட்கலாம். ஒரு பட்டுச் சேலை தறியில் மட்டும் உருவாகிவிடுவதில்லை. முதலில் நூலுக்குச் சாயமிட வேண்டும். நீளவாட்டில் செல்லும் நூல்களைச் சேர்த்துப் பாவு தயாரிக்க வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்களில் சுற்ற வேண்டும். பாவு, தார் இரண்டும் வந்தால்தான் நெசவு தொடங்கும். அதுவரை தறி சும்மா கிடக்கும். தறி சும்மா கிடந்தால் நெய்பவருக்குக் கூலி இல்லை.

ஒரு தறிக்கு மனக்கணக்கே போதும். நூறு தறிகளுக்கு? இங்கேதான் திட்ட மேலாண்மை மென்பொருள் உதவுகிறது. ஆனால் வேலைகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது, சரியாக அமைக்கப்படாத நிரல் திணறத் தொடங்கும். ஒரு தேதியைத் திருத்தினால் பதிலுக்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டும். நாளடைவில் யாரும் தேதியைத் திருத்தமாட்டார்கள்; அட்டவணை ஒன்று சொல்லும், தறியில் வேறொன்று நடக்கும். எனவே வேகம் என்பது வெறும் வசதி அன்று.

திணறல் ஏன்?

சாயத்துக்கு 2 நாள், பாவுக்கு 3 நாள், தார் சுற்ற 1 நாள், நெசவுக்கு 12 நாள் என்று வைத்துக்கொள்வோம். சாயம், பாவு வழியே சென்றால் 5 நாள். சாயம், தார் வழியே சென்றால் 3 நாள். நெசவு இரண்டுக்கும் காத்திருப்பதால் பெரிய எண்ணையே எடுக்க வேண்டும். 5 நாள் கழித்துத் தொடங்கும் நெசவு 17ஆம் நாள் முடியும். அதாவது மிக நீண்ட பாதையே முடிவு நாளைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் எல்லாப் பாதைகளையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் ஆயிற்றே என்று தோன்றும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஒரு திட்டத்தில் 30 கட்டங்கள். கட்டத்துக்கு இரண்டு வேலைகள். ஒவ்வொரு வேலையும் முந்திய கட்டத்தின் இரண்டு வேலைகளுக்கும் காத்திருக்கிறது என்போம். வேலைகள் 60தான். ஆனால் பாதைகளோ 2ஐ 30 முறை பெருக்கிய தொகை: 107 கோடிக்கும் மேல்! நொடிக்கு ஒரு பாதையைப் பார்த்தாலும் 34 ஆண்டுகள் ஆகும்.

வரிசையே வழி

இத்தகைய திட்டக் கணக்கைக் கணிப்பொறியில் செய்யும் முறையை 1957இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கினர். பெரிய வலைப்பின்னல்களில் உள்ள வேலைகளை வரிசைப்படுத்தும் எளிய வழியை 1962இல் ஆர்தர் கான் என்பவர் வெளியிட்டார்.

அவருடைய வழி இதுதான். ஒவ்வொரு வேலையின் மீதும், அது எத்தனை வேலைகளுக்குக் காத்திருக்கிறது என்று எழுதுங்கள். சாயத்துக்கு 0, பாவுக்கு 1, தாருக்கு 1, நெசவுக்கு 2. பூச்சியம் உள்ள வேலையை எடுத்துக் கணக்கிடுங்கள். அதற்காகக் காத்திருப்பவற்றின் எண்ணில் ஒன்றைக் குறையுங்கள். இப்போது பாவும் தாரும் பூச்சியமாகும். அவற்றை முடித்தால் நெசவும் பூச்சியமாகும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு வேலையையும், ஒவ்வொரு இணைப்பையும் ஒரே ஒரு முறைதான் தொடுகிறோம். நாம் பார்த்த 30 கட்டத் திட்டத்தில் இணைப்புகள் 116 மட்டுமே. 34 ஆண்டுக் கணக்கு சில நிமிடக் கணக்காகிவிட்டது! கடைசிவரை பூச்சியமாகாத வேலைகள் மிஞ்சினால், அவற்றிடையே எங்கோ ஒன்றுக்கொன்று காத்திருக்கும் சிக்கல் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னும் மூன்று சிக்கனங்கள்

முதலாவது, மாற்றம் எட்டும் இடம்வரை மட்டும் தேதிகளைக் கணக்கிடுவது. தார் சுற்ற ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் ஆகிறது என்போம். அது 4ஆம் நாள் முடியும். பாவு 5ஆம் நாள்தான் வரும்; ஆகவே நெசவின் தேதி மாறாது. செய்தி அங்கேயே நின்றுவிடும். பாவு ஒரு நாள் தாமதித்தால் அந்தத் தறியின் நெசவு 18ஆம் நாள் முடியும். அப்போதும் மற்ற 99 தறிகளைத் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது, இணைப்புகளைக் குறைப்பது. 50 சாய வேலைகளும் முடிந்த பிறகே 50 பாவு வேலைகள் தொடங்க வேண்டும் என்றால், நேரடி இணைப்புகள் 2,500 ஆகும். நடுவில் ‘சாயம் முடிந்தது’ என்று நாளே பிடிக்காத ஓர் அடையாளக் கல்லை நட்டால், உள்ளே 50, வெளியே 50, ஆக 100 இணைப்புகள் போதும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைவது. பத்தாயிரம் வேலைகள் இருந்தாலும் திரையில் ஒரு நேரத்தில் சில பத்து வரிகளே தெரியும். மற்றவற்றை இப்போதே வரைவது வீண்.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி ஆண்டு விழாவின் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எதற்கு எது காத்திருக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். பூச்சியத்திலிருந்து தொடங்கி வரிசைப்படுத்துங்கள். எந்த வேலை ஒரு நாள் தாமதித்தால் விழாவே தள்ளிப்போகும், எதற்குச் சற்று ஓய்வு உண்டு என்பது தெரிந்துவிடும். பெரிய கணிப்பொறி ஒன்றை வாங்குவதற்கு முன்பே, கணக்கைச் சுருக்கும் வழி உங்கள் பென்சில் முனையில் இருக்கக் காண்பீர்கள்.