ஓலைப்பெட்டியில் தொங்கும் ஒரு சிறு அட்டை

வன்னியில் இழைக்கப்படும் ஒரு பனையோலைப் பெட்டி கொழும்புக் கடையொன்றின் தட்டுக்குப் போகும்போது, அதில் கடையின் பெயர் இருக்கும், விலை இருக்கும். இழைத்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அந்த இடத்தை நிரப்பக்கூடியது 'டாக்' எனப்படும் சிறு தொங்கு அட்டை. அச்சகத்தில் கொடுத்தால் குறைந்த எண்ணிக்கைக்கு விலை கட்டாது. ஆனால் வீட்டில் எஞ்சும் கழிவுகளிலிருந்தே அதைச் செய்துகொள்ளலாம்.

கழிவிலிருந்து காரியம் பார்ப்பது எமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கானது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் பரீட்சைகள் பிற்போடப்பட்டபோது, தாளின் அருமை முழு நாட்டுக்கும் தெரிந்தது.

தேவையானவை: பழைய கொப்பித்தாள், தையல் மிச்சமான நூல், சாயமிட்ட ஓலைத் துணுக்குகள், ஓர் அகன்ற பேசின், நுளம்பு வலை இழுத்து அடித்த மரச்சட்டம்.

தாளை நகமளவு துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். கொப்பிக் கம்பிகளை முதலே அகற்றிவிட வேண்டும். மறுநாள் நிறையத் தண்ணீர் விட்டு அரைத்து, கூழைப் பேசினில் கரையுங்கள். நூலையும் ஓலையையும் இப்போதுதான் சேர்க்க வேண்டும். சேர்த்து அரைத்தால் நிறமும் இழையும் தெரியாமற் போய்விடும். ஓலையை ஊசிபோல மெல்லியதாகக் கிழித்து, கொஞ்சமாகப் போடுங்கள். கூடினால் தாள் காயும்போது வெடிக்கும்.

சட்டத்தைக் கூழுக்குள் இறக்கி, மட்டமாகத் தூக்கி, நீர் வடிந்ததும் ஒரு பருத்தித் துணியில் கவிழ்த்து ஒற்றுங்கள். மேலே இன்னொரு துணி போட்டுப் பலகையால் அழுத்தி, பிறகு காயவிடுங்கள். காய்ந்த தாளில் பேனை மை ஊறிப் பரவும். அதைத் தடுக்க, ஐதான சோற்றுக் கஞ்சியைத் தூரிகையால் பூசி மறுபடி நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மஞ்சள் நிறம் அழகாக இருக்கும், ஆனால் வெயிலில் மங்கிவிடும்.

ஏ4 அளவுத் தாளொன்றில் 5 சென்ரிமீற்றர் அகலமும் 9 சென்ரிமீற்றர் நீளமுமான 12 அட்டைகள் வெட்டலாம். துளையிடும் இடத்தில் சிறு வட்டத் தாளொன்றை ஒட்டினால் நூல் அறுத்துக்கொண்டு வராது. பனங்கட்டி, ஒடியல் போன்றவற்றில் அச்சு மை கலந்த இந்தத் தாள் உணவில் முட்டக்கூடாது. பொதியின் வெளியே கட்டுங்கள். சட்டப்படி உணவுப்பொதியில் இருக்கவேண்டிய விபரங்களுக்கு இது பதிலீடும் அல்ல.

இனி, என்ன எழுதுவது? இதுதான் முக்கியமான கேள்வி. போருக்குப் பின்னர் எமது பெண்களின் உற்பத்திகள் பல, அவர்களுடைய இழப்பையே விளம்பரமாக்கி விற்கப்பட்டன. 'போரில் கணவனை இழந்தவர் செய்தது' என்ற வரி வாங்குபவரின் இரக்கத்தைத் தொடும். ஆனால் இரக்கத்துக்காக வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார். பெட்டியின் தரத்துக்காக வாங்குபவர் திரும்பி வருவார். எனவே பெயர், ஊர், என்ன ஓலை, இழைக்க எத்தனை நாள் சென்றது என்று எழுதலாம். பெயர் வெளியே தெரிவதை விரும்பாதவர் ஊரின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ மட்டும் எழுதலாம். அந்த முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். பயிற்சி கொடுக்க வந்தவருடையதாக அல்ல.

இந்த அட்டை நுண்கடனை அடைக்காது, சந்தையையும் உருவாக்காது. செய்யும் நேரத்தையும் விலையில் சேர்க்காவிட்டால், அது சம்பளமில்லாத இன்னொரு வேலையாகவே முடியும். நாட்கணக்கை அட்டையில் எழுதுவதன் பயன் அங்கேதான் இருக்கிறது. மூன்று நாள் உழைப்பு என்று எழுதப்பட்ட பெட்டிக்கு விலை குறைத்துக் கேட்பவர், எதைக் குறைக்கச் சொல்கிறார் என்பதை ஒருமுறை வாசித்த பிறகே கேட்க வேண்டியிருக்கும்.