மடு மண்ணும் மோர்னிங்சைட்டும்

தொண்டை நோய்க்குப் புனித பிளேசியார், கண்ணுக்குப் புனித லூசியா, கொள்ளைநோய்க்குப் புனித செபஸ்தியார் என்று மன்றாடுவது கத்தோலிக்க மரபு. எம்மவர்க்கோ, பாம்புக்கடிக்கு மருதமடு அன்னை. ஒல்லாந்தர் கொடுமைக்கு அஞ்சி, 1670 அளவில் மாந்தையிலிருந்து திருச்சுரூபத்துடன் ஓடியோர் வன்னிக் காட்டிற் புகுந்தமையால் எழுந்த தலம் அது. ஆலய மண்ணைக் கடிவாயிற் பூசினால் விஷம் இறங்கும் என்பது நம்பிக்கை. சைவரும் சிங்கள பௌத்தருங்கூட அதனை முடிந்து சென்றனர். (தீண்டப்பட்டவருக்கு வைத்தியசாலையே முதலில் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

மோர்னிங்சைட் மாடிக் குடியிருப்புகளில் நாகமும் இல்லை, புடையனும் இல்லை. எனினும் ஆவணித் திருவிழாவுக்கு ஊர் செல்வோரிடம், நீரிழிவுக்கும் புற்றுநோய்க்குமாக மடு மண் கேட்போர் உளர். கேட்பது இயல்பே. ஆனால் அனுமதிப்பத்திரமின்றி அம்மண்ணைக் கனடாவுக்குள் கொண்டுவருதல் சட்டப்படி தடை. மண்ணோடு வரும் பூச்சியும் கிருமியும் பயிரை அழிக்குமென்பதே காரணம். செபமாலையொன்றை மந்திரித்து வரச் சொல்லலாம்.